கோப்பை தெரிகிறது, பிள்ளை முகம் தெரியவில்லை: பள்ளி விளையாட்டுப் படங்களில் கோளாறும் தீர்வும்

மதுரைப் பக்கத்துப் பள்ளி அணி ஒன்று குறுவட்டப் போட்டிக்கு (பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் கட்டம்) கிளம்புகிறது. "கேமரா வச்சிருக்கீங்கள்ல, வந்து நாலு படம் எடுத்துக் குடுங்க சார்" என்று பி.டி. சார் கேட்கிறார். போகிறீர்கள், நாள் முழுக்க வெயிலில் நிற்கிறீர்கள், ஐந்நூறு அறுநூறு படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் ஒன்றும் தேறவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் இது. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், என்ன குறை என்று தெரிந்ததும் அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

"படம் எல்லாம் கலங்கலா இருக்கு"

கலங்கலில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தில் எது தெளிவாக இருக்கிறது என்று தேடினால் வகை தெரிந்துவிடும்.

தரையும் கோடும் தெளிவு, ஓடுகிற பிள்ளை மட்டும் இழுபட்டிருக்கிறது என்றால் ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு) வேகம் போதவில்லை. 100 மீட்டரைப் பன்னிரண்டரை விநாடியில் ஓடும் பையன் விநாடிக்கு 8 மீட்டர் நகர்கிறான். 1/250 விநாடியில் எடுத்தால் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் 3.2 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடுவான். 1/1000-ல் அது 8 மில்லிமீட்டர். வீசுகிற கையும் காலும் உடம்பைவிட வேகம் என்பதால் தடகளத்துக்கும் கபடிக்கும் 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள். பகலில் மதுரை வெயிலுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஷட்டரை நீங்கள் பிடித்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, தானியங்கிக்கு விட்டுவிடலாம். அது ஏறினால் படத்தில் புள்ளி தட்டும். புள்ளி தட்டின படத்தைச் சரிபண்ண வழி இருக்கிறது. இழுபட்ட முகத்தைச் சரிபண்ண வழியே இல்லை.

பிள்ளை கலங்கல், பின்னால் உள்ள காம்பவுண்டு சுவரில் எழுதிய விளம்பரம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா? ஃபோகஸ் தவறிவிட்டது. ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும் ஃபோகஸ் முறை அசையாத பொருளுக்கானது. நிக்கானிலும் சோனியிலும் ஏ.எஃப்.-சி, கேனானில் ஏ.ஐ. சர்வோ (புதிய மாடல்களில் வெறும் சர்வோ) என்று இருப்பதற்கு மாற்றுங்கள். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்து வைத்தால் கேமரா தனக்குப் பிடித்ததைத்தான் பிடிக்கும், பெரும்பாலும் அது வெள்ளைச் சட்டை போட்ட நடுவராக இருக்கும். நடுப்புள்ளியும் அதைச் சுற்றிய சிறு வட்டமும் போதும். முகம், கண் கண்டுபிடிக்கும் வசதியுள்ள கேமரா என்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கபடியில் ஏழு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழும்போது எந்த முகத்தைப் பிடிப்பது என்று அதுவே திணறும். அந்த நேரம் சிறு வட்டமே நம்பகமானது.

எதுவுமே தெளிவில்லை என்றால் கை ஆட்டம், அல்லது லென்ஸில் விரல் ரேகை. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள், லென்ஸைத் துடையுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"முகம் கறுத்துப்போய்க் கண்ணே தெரியல"

இந்த ஊரின் தனிக் கோளாறு இது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருகிறது. குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் நடக்கிற மாதங்களைப் பாருங்கள், ஆகஸ்டு அதில் இருக்கும். உச்சி வெயில் கடிகாரப்படி பன்னிரண்டேகால் வாக்கில். அப்போது புருவத்தின் நிழல் கண்குழிக்குள் விழும், மூக்கு நிழல் உதட்டுக்கு வரும். கண் இல்லாத முகத்தில் என்ன உணர்ச்சியைத் தேடுவது?

முதல் வழி, முக்கியமான ஆட்டம் எப்போது என்று பி.டி. சாரிடம் கேட்டுக்கொள்வது. ஒன்பது மணிக்கு முன்னும் நாலு மணிக்குப் பின்னும் ஒளி தானாகவே பக்கவாட்டில் வரும். ஆனால் இறுதி ஆட்டத்தைப் பன்னிரண்டு மணிக்குத்தான் வைப்பேன் என்று அட்டவணை சொன்னால் நாம் என்ன செய்ய? அப்போது இரண்டாம் வழி. வெயில் கொஞ்சமாவது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, பிள்ளைகள் அதை முதுகில் வாங்கிக்கொண்டு நம் பக்கம் ஓடி வருகிற இடத்தில் நில்லுங்கள். முகம் முழுதும் ஒரே நிழலில் இருக்கும். செம்மண் தரையாக இருந்தால் கீழிருந்து எதிரொளி ஏறி அந்த நிழலை நிரப்பும். வெளிச்ச ஈட்டை (கேமராவில் +/- என்று இருக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) +1 வரை ஏற்றுங்கள். வானம் வெளுத்துத்தான் போகும், போகட்டும். வானத்தின் படம் யாரும் கேட்கவில்லை.

முகம் கறுப்பதற்கு இன்னொரு காரணம் சீருடை. வெள்ளை பனியன் போட்ட அணியைக் கண்டால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். நம் பிள்ளைகளின் நிறத்துக்கு அது இரட்டை அடி. வெள்ளைச் சீருடைக்கு +2/3 அல்லது +1 ஏற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கருநீலம், கறுப்புச் சீருடை என்றால் பூஜ்யத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ வைக்கலாம். திரையில் தெரியும் படத்தை வெயிலில் நம்ப முடியாது. ஹிஸ்டோகிராம் வரைபடத்தை, அதாவது இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் படத்தை, பாருங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இதை எல்லாம் செய்வது கண்ணும் முகபாவமும் தெரிவதற்காக. படத்தை எடிட் செய்யும்போது பிள்ளையை இரண்டு நிறம் வெளுப்பாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். போனிலும் "அழகு" என்று ஒரு வசதி தானாகவே அந்த வேலையைச் செய்யும். அதை அணைத்துவிடுங்கள். காலையிலிருந்து வெயிலில் ஓடிய பிள்ளையின் வியர்வையும் புழுதியும் சேர்ந்துதான் படம்.

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். அரங்க வளாகத்து நீலச் செயற்கைத் தரையில், அதாவது 2025 ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் நடந்த தரையில், ஒரு பள்ளி ஆட்டம் எடுக்க வாய்த்தால் தாடைக்குக் கீழே நீலம் ஏறும். தானியங்கி வெள்ளைச் சமநிலையை (நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ்) விட்டுப் பகல் வெயிலுக்குப் பூட்டிவிட்டால் பாதி சரியாகும், மீதியை ரா கோப்பிலிருந்து (கேமரா சுருக்காமல் வைக்கும் மூலக் கோப்பு) திருத்தலாம்.

"எல்லாப் படத்திலும் முதுகுதான்"

இதற்குக் கேமராவில் தீர்வு இல்லை, கால்தான் நடக்க வேண்டும். ஆட்டத்தின் விதி தெரிந்தவருக்கு முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே தெரியும்.

கபடியில் பாடிப் போகிறவரின் (ரைடரின்) முகம் எதிரணியைப் பார்த்திருக்கும். அதற்கு எதிரணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் பிடிபட்ட மறுநொடி முகம் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடும். நாலு பேர் காலையும் இடுப்பையும் கட்டிக்கொண்டிருக்க, விரல் நுனி கோட்டைத் தொடத் துடிக்கும் அந்தக் காட்சிக்கு நீங்கள் அவருடைய சொந்தப் பக்கத்தில், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிடைக்காது. முதல் பாதிக்கு ஒரு இடம், இரண்டாம் பாதிக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு 30 விநாடிதான், ஓடிப்போய் இடம் மாற நேரம் இருக்காது.

கோ-கோவில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்த் திசை பார்த்திருப்பார்கள். துரத்துகிறவர் எடுத்த திசையை மாற்ற முடியாது, நடுப்பாதையைக் கடக்கவும் முடியாது. ஆக, அவர் கடைசியில் வந்து சேருகிற இடம் கம்பம். கம்பத்துக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில், நடுவரிடம் கேட்டுக்கொண்டு, குந்தி உட்காருங்கள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாய்கிற முகம் நேராக உங்களுக்கு வரும். பெண்கள் கோ-கோ எடுக்கிறவர்கள் இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள்.

வாலிபாலில் ஸ்மாஷ் அடிப்பவரின் முகம் வேண்டுமென்றால் எதிரணிப் பக்கம், வலைக் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி. ஆனால் புள்ளி கிடைத்ததும் அவர் தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பிவிடுவார், உங்களுக்கு முதுகுதான் மிஞ்சும். கொண்டாட்டம் வேண்டுமென்றால் அவருடைய அணியின் கடைக்கோட்டுப் பக்கம் போய்விடுங்கள். வலை வழியாக எடுத்தால் ஃபோகஸ் வலையில் மாட்டிக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள்.

நீளம் தாண்டுதலில் எல்லோரும் அந்தரத்தில் பறக்கும் படத்தைத்தான் எடுக்கிறார்கள். அதை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் கேமராவை இறக்காதீர்கள். மணலில் விழுந்த பிள்ளை தலையைத் திருப்பி நடுவரின் கொடியைப் பார்க்கும். வெள்ளையா சிவப்பா? அந்த ஒரு விநாடி முகம் இருக்கிறதே, தாண்டலைவிட அதுதான் படம்.

4×100 தொடர் ஓட்டத்தில் குச்சி மாற்ற 30 மீட்டர் எல்லை. அதை எடுத்த பிறகு கேமரா கடைசி ஆளோடு ஓடிவிடும். குச்சியைக் கொடுத்துவிட்டு நின்ற மூன்றாம் ஆளை யாரும் பார்ப்பதில்லை. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்.

"விளையாட்டு தெரியுது, முகம் தெரியுது, ஆனா ஒன்னும் தோணல"

கஷ்டமான கேஸ். தொழில்நுட்பமாக எல்லாம் சரி, படம் மட்டும் சப்பென்று இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதற்குக் காரணங்கள் நாலு.

விசில் ஊதியதும் கேமராவை இறக்கிவிடுகிறீர்கள். பந்து செத்தது, புள்ளி போட்டாயிற்று, எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று திரையைக் குனிந்து பார்க்கிறீர்கள். உணர்ச்சி தொடங்குவதே அப்போதுதான். விசிலுக்குப் பின் பத்து விநாடி கேமரா கண்ணிலேயே இருக்கட்டும், திரை பார்ப்பது இடைவேளையில். அந்தப் பத்து விநாடியில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நம்ப முடியாத திகைப்பு. அடுத்து, யாரையோ தேடும் கண்: தோழியை, பி.டி. சாரை, கூட்டத்தில் நிற்கும் அம்மாவை. அப்புறம் கட்டிப்பிடித்தல். கடைசியில் கையைத் தூக்கிக் கூட்டமாகக் கத்துதல். எல்லோரும் எடுப்பது கடைசி இரண்டையும். கட்டிப்பிடித்தால் முகங்கள் தோளுக்குள் புதைந்துவிடும், கூட்டமாகக் கத்தும்போது பாதிப் பேர் ஏற்கெனவே கேமராவைப் பார்த்துவிட்டிருப்பார்கள். தேடும் கண்ணுக்குக் காத்திருங்கள். அது அரை விநாடிதான், ஆனால் எல்லா ஆட்டத்திலும் வரும்.

இரண்டாவது, பந்தையே பார்க்கிறீர்கள். பந்து இருக்கும் இடத்தில் முயற்சி இருக்கும். உணர்ச்சி பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே இருக்கும். மாற்று ஆட்களின் பெஞ்சைப் பாருங்கள். சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். கோட்டைத் தாண்டக் கூடாது என்பதால் கோட்டின் மேலேயே ஒற்றைக்காலில் தவிக்கும் பி.டி. சார் இருப்பார். "டேய் விடாதடா, கால அமுக்குடா" என்று வண்டி மேல் ஏறி நின்று கத்தும் ஊர்க்காரர்கள் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து மைதானம் எதிலும் உண்டு. சில புள்ளிகளுக்கு ஒருமுறையாவது ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். யார் யார் என்று தெரியாமல் எடுக்கிறீர்கள். பள்ளி விளையாட்டு 14, 17, 19 வயது என்று பிரிந்திருக்கிறது. குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அங்கே ஜெயித்தால் மாநிலம். ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட். பத்தொன்பது வயதுப் பிரிவில் ஆடும் பிளஸ் டூ பிள்ளைக்குக் குறுவட்டத் தோல்வி என்றால் பள்ளிச் சீருடை போட்டு ஆடும் கடைசி ஆட்டம் அதுவாகக்கூட இருக்கலாம். பதினாலு வயதுப் பையன் தோற்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸ் வாங்கித் தின்னப் போய்விடுவான். யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் கேமரா தவறான பிள்ளையின் மேல் இருக்கும். ஆட்டத்துக்கு முன் பி.டி. சாரிடம் அஞ்சு நிமிடம் பேசுங்கள். கேப்டன் யார், பிளஸ் டூ யார் யார், காயம்பட்டுத் திரும்பி வந்தது யார், போன வருடம் இதே அணியிடம் தோற்றதா, இன்றைக்கு யார் வீட்டிலிருந்து பார்க்க வந்திருக்கிறார்கள். லென்ஸுக்குச் செலவழிக்கும் காசைவிட இந்த அஞ்சு நிமிடத்துக்குப் பலன் அதிகம் என்பேன்.

நாலாவது, அளவுக்கு மீறி நெருங்கிவிடுகிறீர்கள். பெரிய லென்ஸ் கிடைத்த புதிதில் எல்லோரும் முகத்தை மட்டும் சட்டம் (ஃபிரேம்) நிறைய எடுப்போம். அழுகிற முகம் மட்டும் இருந்தால் ஏன் அழுகிறது என்று தெரியாது. அந்தத் தோளில் விழுந்திருக்கும் கையும் படத்தில் இருக்க வேண்டும். கையும் காலும் முகத்துக்குக் குறைந்ததில்லை. களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் விரல், பிளாஸ்திரி சுற்றிய கணுக்கால், புழுதி படிந்த வெறுங்கால். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி தொடக்க காலப் போட்டிகளில் ஷூ வாங்க வசதியில்லாமல் வெறுங்காலில் ஓடியவர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். உங்கள் பள்ளி மைதானத்திலும் வெறுங்காலோடு தொடக்கக் கோட்டில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். கேமராவைக் கீழே இறக்கி அந்த வரிசையை ஒருமுறை எடுங்கள்.

"கேமராவைப் பார்த்ததும் ரெண்டு விரல காட்டுறாங்க"

"அண்ணே, ஒரு போட்டோண்ணே" என்று வருவார்கள். விரட்டாதீர்கள். முதல் கால் மணி நேரம் அவர்கள் கேட்கிற படத்தை எல்லாம் எடுத்துக் காட்டிவிடுங்கள். ஆசை தீர்ந்ததும் உங்களை மறந்துவிடுவார்கள். விரட்டினால்தான் நாள் முழுக்கச் சட்டத்துக்குள் தலை நீட்டுவார்கள்.

"சரியான நேரத்துல கேமரா நின்னுருச்சு"

பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் தற்காலிக நினைவகம் நிரம்பி, கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா பேசாது. மூன்று நாலு படமாக விட்டு விட்டு எடுங்கள். வேகமான கார்டு போடுங்கள், வி30 என்று அச்சிட்டிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். நிறம் திருத்த ரா தேவைப்படும் நீலத் தரை மாதிரி இடங்கள் தவிர, வெளிச்சம் நன்றாக இருக்கும் பகலில் ஜேபெக் (கேமராவே சுருக்கித் தரும் கோப்பு) மட்டும் போதும்.

"ராத்திரி ஆட்டம், ஒரு படம் மஞ்சள், ஒரு படம் கறுப்புப் பட்டை"

விளக்கு சிமிட்டுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு நூறு முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000 ஷட்டருக்குத் தெரியும். கேமராவில் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள். கேனானில் 2014-ல் வந்த 7டி மார்க் 2 முதல் இது கிடைக்கிறது. இல்லையென்றால் 1/100-க்கு இறங்கி, ஆட்டம் ஒரு கணம் நிற்கும் இடங்களில் மட்டும் எடுங்கள்: குதித்தவர் உச்சியில் இருக்கும் நொடி, சர்வீஸ் போடுமுன் மூச்சு இழுக்கும் நொடி, புள்ளிக்குப் பிந்தைய முகங்கள். முகங்களுக்கு 1/100 தாராளம். எஃப் 1.8 உள்ள, அதாவது துளை அகலமாகத் திறக்கும், 50 மி.மீ. லென்ஸ் விலை குறைவு, இந்த வேலைக்குக் கேமராவோடு வரும் கிட் லென்ஸைவிட உதவும்.

"பின்னாடி எல்லாம் பைக்கும் சாமியானாவும்"

ரெண்டடி நகருங்கள், அல்லது குந்துங்கள். ஒத்தக்கடைப் பக்கத்து மைதானம் என்றால் ஆனைமலை இருக்கும் திசையைப் பின்னணியாக வையுங்கள், பைக் நிறுத்துமிடத்தை அல்ல. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தால் மீதி மங்கிவிடும்.

"என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு"

விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், கோட்டருகே போங்கள். போனில் பட்டன் அமுக்குவதற்கும் படம் விழுவதற்கும் இடையே ஒரு தாமதம் இருக்கும். பர்ஸ்ட் முறையில் (அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் முறை) அமுக்கிப் பிடித்தால் அது சமாளிக்கும். நல்ல வெயிலில் 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்தெடுக்கலாம். 3840×2160 என்பது 8 மெகாபிக்சல், சின்ன அச்சுக்குத் தாராளம். உணர்ச்சிக் காட்சிகளுக்குப் போன் ஒரு வகையில் நல்லதுங்கூட. பெஞ்சில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

"வானத்துல கறுப்புப் புள்ளி"

சென்சாரில் செம்மண். காற்றடிக்கும் மைதானத்தில் லென்ஸ் மாற்றினால் வருவது. வகுப்பறைக்குள் போய், கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சிலும் சேரும்.

"வாட்ஸ்அப்புல போட்டதும் கெட்டுப்போச்சு"

படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள்.

"தோத்த பிள்ளை அழுவுது. எடுக்கலாமா? போடலாமா?"

எடுப்பது ஒரு கேள்வி, வெளியிடுவது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் எடுக்காமலே விடுகிறார்கள், சிலர் எடுத்த வேகத்தில் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். எடுக்கலாம், தூரத்திலிருந்து, பெரிய லென்ஸில், ரெண்டு மூணு படம். பக்கத்தில் போய் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. வலி தாங்காமல் தரையில் கிடக்கும் பிள்ளையையும், உடை விலகியிருக்கும் பிள்ளையையும் எடுக்கவே கூடாது. தெரியாமல் விழுந்திருந்தால் அன்று ராத்திரியே அழித்துவிடுங்கள்.

வெளியிடுவதற்குத் தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. போட்டி தொடங்குமுன்பே பள்ளியிடம் இதைப் பேசி முடித்துவிட்டால் அப்புறம் தலைவலி இல்லை. பெண் பிள்ளைகளின் படத்தோடு பெயர், வகுப்பு, பள்ளி மூன்றையும் சேர்த்துப் பொதுவில் போடாதீர்கள். அழுகிற படத்தை முதலில் அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள், நாலைந்து நாள் கழித்து. "வேணாம்ண்ணே" என்றால் அதோடு சரி. "எனக்கு மட்டும் அனுப்புங்கண்ணே" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்டால் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாமல், ஒரு உறையில் அச்சுப்படமாகப் போட்டு பி.டி. சார் கையில் கொடுத்துவிடுங்கள்.